பருத்திக்கொட்டை எண்ணெயும் பிறக்காத பிள்ளைகளும்

பருத்தி பஞ்சுக்காகப் பயிரிடப்படும் செடி. ஆனால் ஒரு கிலோ பஞ்சு விளையும் இடத்தில் சுமார் 1.65 கிலோ விதையும் சேர்ந்தே விளைகிறது. அந்த விதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். புரதமும் அதே அளவுக்கு உண்டு. இத்தனை சத்து இருந்தும் உலகம் அதை நேரடியாகச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவரத் தயங்கியே வந்திருக்கிறது. விதையின் மேலோட்டை நீக்கிப் பருப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் காரணம் வெறுங்கண்ணுக்கே தெரியும். வெளிர்மஞ்சள் சதையில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவை சுரப்பிகள். காசிப்பால் என்ற மஞ்சள் நிறமி அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. இலை, தண்டு, காய் என்று செடி முழுவதும் பரவியிருக்கும் இந்தச் சுரப்பிகள், பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் காவல்.

இந்த நிறமியைக் கச்சா நிலையில் முதலில் பிரித்தவர் லாங்மோர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், ஆண்டு 1886. போலந்துக்காரரான லியோன் மார்க்லெவ்ஸ்கி 1899-இல் அசிட்டிக் அமிலத்தின் உதவியோடு அதைத் தூய படிகமாக்கி, இன்றைய பெயரையும் சூட்டினார். இருவருக்கும் அது ஒரு சாயப்பொருளாகவே பட்டது. அதன் நச்சுத்தன்மை தெரியவந்தது அமெரிக்கப் பன்றிப் பட்டிகளில். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தின்ற பன்றிகள் சில வாரங்களில் மூச்சு வாங்கிச் செத்து விழுந்தன. வடக்கு கரோலினாவின் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதை ஆராய்ந்த விதர்ஸ், காருத் இருவரும் 1915-இல் அந்த நஞ்சு காசிப்பாலே என்று எழுதினார்கள். மூலக்கூறின் அமைப்பை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ராஜர் ஆடம்ஸ் 1938-இல் கண்டறிந்தார். இரண்டு ஒத்த பாதிகள் நடுவே ஒரே பிணைப்பால் ஒட்டிய உருவம் அது. அந்த உருவத்துக்கு இந்த வரலாற்றில் பின்னால் ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

மாடுகள் மட்டும் பருத்திக்கொட்டையைத் தின்று தெம்பாக நிற்பது எப்படி என்பதற்கும் விடை கிடைத்தது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் காசிப்பாலின் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து செயலிழந்துபோகிறது. இரைப்பை முழுதாக வளராத கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; பன்றிக்கும் கோழிக்கும் இல்லை. பருத்திப் புண்ணாக்கு மிகுதியாகத் தின்ற கோழியின் முட்டையைச் சில நாள் வைத்திருந்தால் மஞ்சள் கரு பச்சை பாய்ந்துவிடுவதும் இதே நிறமியின் வேலை.

மாட்டின் வயிற்றில் நடப்பதைச் சூடும் செய்யும். ஈரத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது சுரப்பிகள் வெடிக்கின்றன. வெளிவரும் காசிப்பால், விதைப் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. இப்படிக் கட்டுண்டது எண்ணெயோடு வராமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். கட்டுறாமல் தனித்து நிற்பதுதான் எண்ணெயில் கரைந்து உடலுக்குள் போகிறது. பருத்திக்கொட்டை எந்த ஊரில் உணவாயிற்று, எந்த ஊரில் நோயாயிற்று என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானித்தது.

அமெரிக்கா காரத்தின் வழியாகத் தப்பியது. காசிப்பால் அமிலத்தன்மை உள்ளது. கச்சா எண்ணெயைக் காரக் கரைசலில் கழுவினால் அது எண்ணெயை விட்டு நீங்கிவிடும். அடர்ந்த செம்பழுப்பாக இருந்த எண்ணெயின் நிறத்தைப் போக்கத்தான் ஆலைக்காரர்கள் இப்படிக் கழுவினார்கள். நஞ்சை நீக்குவது அவர்கள் நினைப்பிலேயே இல்லை. டேவிட் வெஸ்ஸன் என்ற வேதியியலாளர் அதன் வாடையைப் போக்க வழி கண்டார். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1911-இல் அதே எண்ணெயை ஹைட்ரஜனேற்றி, உறைந்த கொழுப்பாகக் ‘கிரிஸ்கோ’ என்ற பெயரில் விற்றது. கோடிக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். கருவுறுதலைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் எழவில்லை.

சீனாவில் பருத்திக்கொட்டை எண்ணெய் பழங்காலத்திலிருந்தே உண்டு, பெரும்பாலும் விளக்கெரிக்க. பதினாறாம் நூற்றாண்டின் பெரிய மருத்துவரான லீ ஷிஜென் தம் மருந்துத் தொகுப்பில் அந்த எண்ணெயைச் சூடு மிக்கது, சற்றே நச்சுள்ளது என்று வகைப்படுத்தி, சொறி சிரங்குக்குப் பூசலாம் என்று எழுதியிருக்கிறார். ஏழை எளியவர்கள் சமையலுக்கும் பயன்படுத்தினார்கள். அப்போதெல்லாம் விதையை இடித்து, ஆவியில் வேகவைத்து அல்லது வறுத்து, அதன் பிறகே மரச் செக்கில் இட்டு ஆப்பு அடித்துப் பிழிவது வழக்கம். சூடேற்றினால் எண்ணெய் எளிதாக இறங்கும் என்பதுதான் அதற்குக் காரணம். அந்தச் சூடு வேறொரு காரியத்தையும் செய்துகொண்டிருந்தது செக்குக்காரர் யாருக்கும் தெரியாது.

1957-இல் ஷாங்காயிலிருந்து வந்த ஒரு மரபு மருத்துவ இதழில் லியு பாவோஷான் என்ற மருத்துவர் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். இரண்டு பக்கங்களே கொண்டது. ஜியாங்சு மாகாணத்தில் வாங் என்ற கிராமத்தைப் பற்றியது. 1930-களில் அந்தக் கிராமத்தார் சோயா எண்ணெயை விட்டுவிட்டு, விலை குறைந்த கச்சாப் பருத்திக்கொட்டை எண்ணெய்க்கு மாறினார்கள். அதன் பிறகு பத்தாண்டுக் காலம் அந்த ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை என்று அவர் எழுதினார். அந்த எண்ணெயைக் கருத்தடைக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. மரபு மருத்துவ இதழின் மூலையில் வந்த கட்டுரையை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டில் ஒரு பிறப்புகூட இல்லை என்பது ஊர்ப் பேச்சில் சற்று ஊதிப்போன கணக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கைகாட்டிய திசை சரியானது.

அதே ஆண்டுகளில் சீனப் பருத்தி மாவட்டங்களில் ஆலைத்தொழில் மாறத் தொடங்கியிருந்தது. பழைய செக்குகளின் இடத்துக்கு இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்தின் அழுத்தத்துக்கு விதையை வேகவைக்கத் தேவையே இல்லை. பச்சையாகப் போட்டாலும் எண்ணெய் இறங்கும். விறகு மிச்சம், நேரம் மிச்சம். அப்படிப் பிழிந்த எண்ணெய் சுத்திகரிக்கப்படாமலே வீடுகளுக்குப் போயிற்று. ஹூபெய், ஹெபெய், ஷான்டோங், ஹெனான், ஷான்சி, ஜியாங்சு என்று பருத்தி விளையும் மாகாணங்களில் அதுவரை கேள்விப்படாத ஒரு நோய் தலைகாட்டியது. மக்கள் அதை ‘எரிகாய்ச்சல்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். வெயிலில் வேலை செய்யும்போது முகமும் உடலும் தீப்பட்டதுபோல் எரியும், வேர்வை வராது, உடல் சோர்ந்துபோகும். சிலருக்குக் கைகால் தளர்ந்து எழ முடியாத நிலை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிற்று. திருமணமான ஆண்களுக்குப் பிள்ளை இல்லை.

மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தன. நீரைப் பார்த்தார்கள், தானியத்தைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாத் தடயமும் எண்ணெய்ச் சாடியில் போய் முடிந்தது. பச்சையாகப் பிழிந்த எண்ணெயைச் சாப்பிட்ட ஊர்களில் நோய் இருந்தது. எண்ணெயை நிறுத்தியதும் எரிச்சல் தணிந்தது, பெண்களுக்கு மாதவிடாய் திரும்பியது. ஆண்களில் சிலருக்கு மட்டும் குறை நீங்கவில்லை. பிற்காலத்தில் நடந்த அத்தனைக்கும் முன்னறிவிப்பு இந்த ஒரு கவனிப்பில் இருந்தது. அது போதிய அளவு மதிக்கப்படவில்லை என்பதே இந்த வரலாற்றின் வருத்தமான பகுதி.

மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பால் இதே விதையில் செய்வதுதான் என்பதால் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பருத்திக்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து வடிகட்டி, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவது அந்தப் பானம். ஈரமும் நீண்ட நேரச் சூடும் சேரும் இந்தச் செய்முறையில் காசிப்பாலின் ஒரு பங்காவது புரதத்தில் கட்டுண்டுபோகும் வாய்ப்பு உண்டு. சீனக் கிராமங்களில் நடந்தது வேறு. பச்சையாகப் பிழிந்த எண்ணெய் மூன்று வேளைச் சமையலிலும், மாதக்கணக்கில், வீட்டிலுள்ள எல்லோருடைய உடலிலும் சேர்ந்துகொண்டே இருந்தது. எப்போதோ குடிக்கும் ஒரு தம்ளர் பருத்திப்பாலின் மேல் அந்தக் கதையை அப்படியே ஏற்றிப் பார்ப்பது சரியாகாது.

பொதுவாக ஒரு மருந்து முதலில் எலிக்கும் பிறகு மனிதனுக்கும் போகும். பருத்திக்கொட்டையில் வரிசை தலைகீழானது. மனிதர்கள் தெரியாமலே உட்கொண்டு விளைவைக் காட்டிவிட்டார்கள்; எலியிடம் கேட்க வேண்டியிருந்தது காரணத்தை மட்டும்தான். சீன ஆய்வுக்கூடங்களில் அந்த வேலை 1971-இல் தொடங்கியது. முதலில் கச்சா எண்ணெயையும் புண்ணாக்கையும் ஆண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவற்றிலிருந்து பிரித்த காசிப்பாலைத் தனியாகக் கொடுத்தார்கள். விளைவு ஒன்றுதான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை வாய்வழியே கொடுத்தபோது இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆண் எலிகள் மலடாயின. அவை பெண் எலிகளோடு வழக்கம்போல் இணைந்தன. கரு மட்டும் தங்கவில்லை. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் பழையபடி குட்டிகள் பிறந்தன.

இணையும் நாட்டம் குறையாமல் கருவுறும் திறன் மட்டும் போவது ஆய்வாளர்களை மிகவும் ஈர்த்தது. அதுவரை ஆண் கருத்தடைக்கென்று முயன்றவற்றில் பெரும்பாலானவை இயக்குநீர் வழிப்பட்டவை. டெஸ்டோஸ்டிரோனை அடக்கினால் விந்தணு குறையும். கூடவே ஆண்மையும் குறையும். காசிப்பால் அந்த வழியில் போகவில்லை. பெய்ஜிங்கின் உயிரணு ஆய்வாளர் ஷுவே ஷெபு, எலியின் விந்தகத்தை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்த்தார். முதலில் அடிபடுபவை, உருமாறி விந்தணுவாகப் போகும் இளம் அணுக்கள். அடுத்து அவற்றுக்கு முந்தைய நிலையில் உள்ள அணுக்கள். விந்தணுவின் வால் தொடங்கும் நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியா உறைபோலச் சுற்றியிருக்கும். வால் துடிப்பதற்கான ஆற்றல் அங்கிருந்தே வருகிறது. காசிப்பால் அந்த உறையைக் குலைத்தது. விந்தணுவில் மட்டுமே காணப்படும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் வகை நொதி ஒன்றையும் அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. எண்ணிக்கை குறைவதற்கு முன்பே நீந்தும் திறன் போய்விடுகிறது. விந்தணு இருக்கும், அசையாது.

விலங்குக்கு விலங்கு விளைவு மாறியது. கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரும், சீனாவின் ஷான்சியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவருமான மின் சுவே சாங், தம் கூட்டாளிகளோடு 1980-இல் எலி, ஹாம்ஸ்டர், முயல் மூன்றையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். எலியும் ஹாம்ஸ்டரும் மலடாயின; முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்டெலியும் அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. குரங்குக்கு வேலை செய்தது. நாய்க்கோ மலடாவதற்கு முன்னால் இதயமே நின்றுபோகும் அளவுக்கு அது கொடிய நஞ்சு. முயலை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால் காசிப்பால் பயனற்றது என்று முடிவு கட்டியிருப்பார்கள். நாயை மட்டும் பார்த்திருந்தால் தொடக்கூடாத நஞ்சு என்று ஒதுக்கியிருப்பார்கள். ஒரு தாவரச் சாறு எலியில் வேலை செய்தது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த மூன்று விலங்குகளையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆண்களிடம் சோதனை 1972-லேயே தொடங்கிவிட்டது. விலங்காய்வு தொடங்கிய மறு ஆண்டே மனிதருக்குப் போனதற்கு, கிராமங்களில் இலட்சக்கணக்கானோர் ஏற்கெனவே அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்ற துணிச்சல் ஒரு காரணம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த அரசு காட்டிய அவசரம் இன்னொரு காரணம். முறை எளிமையானது. நாளுக்கு 20 மில்லிகிராம் மாத்திரை, சுமார் இரண்டு மாதம். விந்தணு எண்ணிக்கை போதிய அளவு இறங்கியதும் வாரத்துக்கு 50 மில்லிகிராம் அளவில் தொடர்வது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான். எலிக்குத் தேவைப்பட்டதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. மனித விந்தகம் எலியினுடையதைக் காட்டிலும் அத்தனை மென்மையானது.

தேசிய ஒருங்கிணைப்புக் குழு 1978-இல் சீன மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டபோது வெளியுலகம் வியந்தது. 1980 வாக்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். கருத்தடைப் பயன் 99 சதவீதத்தைத் தாண்டியது. ஆணுறையையும் அறுவையையும் தவிர ஆண்களுக்கு வேறு வழியே இல்லாத உலகில், சமையலறை எண்ணெயிலிருந்து கிடைத்த, விலை மலிவான, இயக்குநீரைத் தொடாத ஒரு மாத்திரை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் ஆய்வில் இறங்கியது. பிரேசிலில் எல்சிமார் கூட்டின்யோ என்ற ஆய்வாளர் சோதனைகளைத் தொடங்கினார்.

அந்த நம்பிக்கையை இரண்டு குறைகள் தகர்த்தன. முதலாவது, இரத்தத்தில் பொட்டாசியம் இறங்குவது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, சிறுநீரகம் வழியே பொட்டாசியம் வெளியேறி, தசை தளர்ந்து, கைகால் அசைக்க முடியாமல் போயிற்று. எரிகாய்ச்சல் ஊர்களில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவர்களின் நிலை இதுதான். எலிச் சோதனைகள் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இது மாறியதும் வியப்பாக இருந்தது. பெய்ஜிங்கில் அரிது, நான்ஜிங்கில் அதிகம். நான்ஜிங்கில் இதை ஆராய்ந்த சியென் ஷாவோசென், அப்பகுதி மக்களின் அன்றாட உணவிலேயே பொட்டாசியம் குறைவு என்பதைச் சுட்டிக்காட்டினார். அப்படியானால் மாத்திரையோடு பொட்டாசியம் உப்பையும் கொடுத்துவிடலாமே என்று முயன்றார்கள். லியு குவோஜென் தலைமையிலான குழு நடத்திய சோதனையின் முடிவு 1987-இல் வெளிவந்தது. அந்த உப்பு உதவவில்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. மருந்தை நிறுத்திய பிறகும் பத்தில் ஒருவர் என்ற கணக்கையும் தாண்டிப் பலருக்கு விந்தணு திரும்பவில்லை. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். எலியில் சில வாரங்களில் மீண்ட ஒன்று மனிதரில் மீளவில்லை. விந்தகத்தின் நுண்குழல்களில் விந்தணுவைப் பிறப்பிக்கும் மூல அணுக்களே அழிந்துபோன நிலை அது. இரண்டு பிள்ளைகளோடு போதும் என்றவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். இன்னும் பிள்ளை பெறாத இளைஞருக்கு இதைக் கொடுக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. மலடாக்கும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகக் குறுகலானது.

நன்மையையும் தீமையையும் பிரிக்க முடியுமா என்ற தேடலில்தான் மூலக்கூறின் உருவம் முக்கியமாயிற்று. அதன் இரு பாதிகளும் நடுப்பிணைப்பைச் சுற்றித் தாராளமாகச் சுழல முடியாதபடி பக்கக் கிளைகள் முட்டிக்கொள்கின்றன. அதனால் அது இடக்கையும் வலக்கையும் போல் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாத இரு வடிவங்களில் உறைந்துவிடுகிறது. பருத்தியில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. சாதாரண அமெரிக்கப் பருத்தியில் வலவடிவம் சற்று அதிகம். எகிப்துப் பருத்தி இனத்தில் இடவடிவம் அதிகம்.

வலவடிவம் மட்டுமே தனியாகக் கிடைக்கும் இடம் ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது நம் ஊர் வாய்க்கால் கரைகளிலும் திண்ணையோரங்களிலும் நிற்கும் பூவரசு. பருத்தியும் பூவரசும் ஒரே குடும்பம். மஞ்சளாகப் பூத்துச் சிவந்து உதிரும் பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வகத்தினர் 1960-களின் தொடக்கத்தில் பூவரசங்காயிலிருந்து ஒரு மஞ்சள் பொருளைப் பிரித்துத் தனிப்பெயரும் இட்டிருந்தார்கள். கிங், டி சில்வா இருவரும் 1968-இல் வெளியிட்ட கட்டுரை, பூவரசில் இருப்பது ஒரே வடிவத்தாலான காசிப்பால் என்று காட்டியது. பதினைந்து ஆண்டு கழித்து இது பயன்பட்டது. பூவரசிலிருந்து எடுத்த வலவடிவத்தை ஆண் ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்தபோது அவை மலடாகவில்லை. 1985-இல் இடவடிவத்தைத் தனியாகப் பிரித்துச் சோதித்து, விந்தணுவை அழிப்பது அதுவே என்று உறுதி செய்தார்கள்.

இதனால் ஒரு நம்பிக்கை பிறந்தது. மனித உடலில் வலவடிவம் பல நாள் தங்குகிறது. அதன் அளவு பாதியாகக் குறைய ஐந்து நாளுக்கு மேல் ஆகிறது. இடவடிவமோ சில மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. வேலை செய்யாத வடிவத்தை நீக்கிவிட்டு இடவடிவத்தை மட்டும் சிறு அளவில் கொடுத்தால் உடலில் தேங்காதே என்று எண்ணினார்கள். ஆனால் மற்ற உறுப்புகளுக்கும் கூடுதல் நச்சு இடவடிவமே என்று தெரியவந்தது. மலடாக்கும் குணத்தையும் கெடுக்கும் குணத்தையும் ஒரே வடிவம் சுமந்திருந்தது.

1986-இல் வுஹான் நகரில் கூடிய ஆய்வாளர்கள், ஆண் கருத்தடைக்காகக் காசிப்பாலை ஆராய்வதைக் கைவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கூட்டின்யோவும் சில சீனக் குழுக்களும் நாளுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரையான குறைந்த அளவுகளோடு மேலும் பல ஆண்டு முயன்றார்கள். பொட்டாசியச் சிக்கல் தணிந்தது. விந்தணு திரும்பாதவர்கள் என்ற சிக்கல் தணியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1998-இல் கைவிடுமாறே பரிந்துரைத்தது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறது என்ற பழைய கிராமக் கவனிப்பு மட்டும் வேறு வழியில் பயன்பட்டது: கருப்பைக் கட்டி, மிகை உதிரப்போக்கு போன்றவற்றுக்குச் சீன மகப்பேறு மருத்துவர்கள் காசிப்பால் மாத்திரையைக் கொடுத்துவந்தார்கள்.

சீன அனுபவத்துக்குப் பிறகு உண்ணும் தாவரங்களை நோக்கிய தேடல் பல நாடுகளில் பரவியது. வேம்பு, துளசி, பப்பாளி என்று இந்திய ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குக் கொடுக்காத சாறு குறைவு. பெரும்பாலானவை ஒரு கட்டுரையோடு நின்றுபோயின. ஒழுங்காகத் தொடரப்பட்டதில் ஒன்று, ஜெய்ப்பூரின் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தில் என். கே. லோஹியா குழு செய்த பப்பாளி விதை ஆய்வு. எலி, முயல் என்று ஏறி, கருமுகக் குரங்கு வரை போனார்கள். பப்பாளி விதையின் குளோரோஃபார்ம் சாற்றைத் தினமும் கொடுத்தபோது சுமார் மூன்று மாதத்தில் குரங்கின் விந்தில் விந்தணு இல்லாமல் போயிற்று. நிறுத்திய சில மாதங்களில் திரும்பியது. முடிவு 2002-இல் வெளிவந்தது. மிளகோடு பப்பாளி விதையைக் கலந்து விற்கும் மோசடி நம் சந்தைகளுக்குப் பழக்கமானது என்பதால் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. குளோரோஃபார்மில் செறிவாக்கி, எடை பார்த்து, ஓராண்டு நாள் தவறாமல் ஊட்டிய சாறும், ரசத்தில் தவறி விழுந்த சில விதைகளும் ஒன்றல்ல. உணவுச் செடியின் சாறு என்ற பெயரில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலும் உணவு இருப்பதில்லை. கரைப்பானும் அளவும்தான் இருக்கின்றன. வாங் கிராமத்தின் சிறப்பு, அங்கே உண்மையிலேயே உணவு இருந்தது.

மருந்தாகத் தோற்ற பிறகு, அந்த நஞ்சை விதையிலிருந்து எடுத்துவிடும் பழைய முயற்சி முன்னுக்கு வந்தது. அமெரிக்காவில் ஹோப்பிப் பழங்குடியினர் வளர்த்த பருத்தியிலிருந்து மெக்மைக்கேல் என்ற தாவரவியலாளர் 1950-களில் சுரப்பியே இல்லாத வகையைப் பிரித்தெடுத்திருந்தார். விதை சுத்தமாக இருந்தது. ஆனால் இலையிலும் சுரப்பி இல்லாததால், அதுவரை பருத்தியைச் சீண்டாத பூச்சிகள்கூட வயலில் வந்து இறங்கின. விவசாயிகள் அதை ஏற்கவில்லை. விதையில் மட்டும் காசிப்பால் குறைந்து, இலையிலும் தண்டிலும் அப்படியே இருந்தால்தான் பயிர் நிற்கும்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் பிறந்த கீர்த்தி ரத்தோர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். காசிப்பால் உருவாகும் தொடக்கப் படியில் உள்ள ஒரு நொதியின் மரபணுவை, ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற முறையால், விதை முதிரும்போது விதைக்குள் மட்டும் அடக்கினார். 2006-இல் முடிவு வெளிவந்தது. விதையில் காசிப்பால் பெருமளவு குறைந்திருந்தது, இலையில் குறையவில்லை. அப்போதைய உலக உற்பத்தியான 4.4 கோடி டன் பருத்திக்கொட்டையில் உள்ள புரதம் ஐம்பது கோடிப் பேரின் ஓராண்டுத் தேவைக்குப் போதும் என்று அக்குழு கணக்கிட்டது. அமெரிக்க உணவு மருந்துத் துறை மனித உணவுக்கு வைத்திருக்கும் வரம்பு, தனித்து நிற்கும் காசிப்பால் பத்து இலட்சத்தில் 450 பங்கு. புதிய விதை அதற்கும் கீழே இருந்தது. அமெரிக்க வேளாண் துறை 2018 அக்டோபரில் இந்தப் பருத்தியைப் பயிரிட அனுமதித்தது. மறு ஆண்டு அக்டோபரில் அதன் விதையை மனிதரும் கோழி, மீன் போன்றவையும் உண்ணலாம் என்று உணவு மருந்துத் துறை ஒப்புதல் அளித்தது.